சப்பரத்தில் ஏறிய சாவி

சிப்பித்துறையில் ஆட்களுக்கு ஆள் அடையாளம் அற்றுப்போனது தவக்காலத்தின் நடுவில், ஒரு வியாழக்கிழமை, மீன் ஏலம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில். திரும்பி வந்தவர்களை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மூக்கும் முழியும் அதேதான், காலையில் உடுத்திப்போன சாரம்தான், ஆனாலும் இவர் நம்ம ஆள் என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லவேண்டுமே, அது சொல்லவில்லை. தினமும் மீன்தலை போடுகிறவர்களைப் பார்த்தே தெருநாய்கள் குரைத்தன. பெண்கள் கதவைப் பாதி திறந்து, "யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். கேட்கப்பட்ட ஆண்களும் கோபப்படவில்லை, ஏனென்றால் கதவைத் திறந்தவளை யாரென்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தெருவில் வரிசையாக நின்று, எந்த வீட்டுக்குள் போவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஆதார் அட்டையைக் காட்டியவர்கள் இருந்தார்கள், கல்யாண ஆல்பத்தைப் பிரித்துக் காட்டியவர்கள் இருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, அட்டையையும் ஆல்பத்தையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஊர் இதைப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. புயல் வந்த ஊர், கடல் உள்ளே வந்து போன ஊர், இதுவும் வந்திருக்கிறது. மனிதர்கள் படகு நிழலிலும் வலைக்கூடத்திலும் படுத்து எழுந்தார்கள், சமைத்தவர்கள் சமைக்காதவர்களுக்குக் கொடுத்தார்கள், பூசையில் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னபோது புருசனும் பெண்டாட்டியும் புது ஆட்களைப் போலக் கைகூப்பிக்கொண்டார்கள்.

ஊரின் பாதுகாவலியான புனித தெக்லம்மாள் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த ஜெனோவாவுக்கும் இதுதான் நடந்தது. டவுனில் உள்ள சின்னக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கம்பெனி செய்கிற ஆப்களை வெளியே அனுப்புவதற்கு முன் அவற்றுக்குக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஆப் ஒன்று போனுக்குள் நுழையப் பார்க்கும்போது, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று போன் கேட்கும், கையெழுத்து இருந்தால்தான் உள்ளே விடும். அந்தக் கையெழுத்தைப் போட ஒரு சாவி உண்டு. பித்தளையும் இரும்புமல்லாத, எழுத்தும் எண்ணுமாகக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிற சாவி. அதை ஜெனோவாவே தன் கம்ப்யூட்டரில் உண்டாக்கி, கடல்தாண்டி இருக்கிற பெரிய இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பி, ஆமாம் இது இவர்கள் சாவிதான் என்று அவர்கள் தந்த சர்டிபிகேட்டை வாங்கி வைத்திருந்தாள். சாவி யார் கைக்கும் போகக்கூடாது, போனால் போனவன் நம் பெயரில் எதையும் உள்ளே அனுப்புவான் என்று முதலாளி வில்பிரட் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை, தொட்டிலில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பிள்ளை என்பது தெரிந்தது. யார் பிள்ளை என்பது தெரியவில்லை. அழுகிற பிள்ளையை அப்படியே விட முடியாதென்று தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற வேலையை முடிக்க ஜெனோவா கையெழுத்துக்கான பொத்தானை அழுத்தப்போன நேரத்தில், பிள்ளை தன் உள்ளங்கையால் அந்தப் பொத்தானை ஓங்கி ஒரு அடி அடித்தது. அடித்த மாத்திரத்தில், இது லிடியா, என் மகள், என்று அவளுக்குத் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை இறங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்ற மனிதரை உள்ளே கூப்பிட்டு, "கொஞ்சம் கையைக் கொடுங்க" என்று அவர் விரலையும் பிடித்து அதில் வைத்து அழுத்தினாள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவன் கிளாரன்ஸ் என்று அவர் ஆனார். "ஜெனோ, பசிக்குது" என்றார்.

சேதி ஒரு பூசை நேரத்துக்குள் ஊர் முழுக்கப் போனது. விளக்கம் சொல்லும் வேலை உபதேசியார் சூசைமரியானுக்கு வந்தது. ஞாயிறு மறைக்கல்வி நடத்துபவர் அவர், ஊர்க் கமிட்டியிலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். "இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு? பாப்பரசர் ஆயரை நம்புதார், ஆயர் சாமியாரை நம்புதார், சாமியார் கையெழுத்துப் போட்ட ஞானஸ்நான சர்டிபிகேட்டை எந்த ஊர்ப் பங்கும் நம்புது. அதேதான். மேல இருக்கவங்க ஜெனோவாவை நம்புதாவ, ஜெனோவா கையெழுத்துப் போட்ட ஆளை நம்ம நம்பணும்" என்றார். ஊருக்கு அது உடனே புரிந்தது.

கல்யாணத்துக்கு வாசிப்பதைப் போலவே இதற்கும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாரை இன்னார் வீட்டு ஆளாகக் கையெழுத்துப் போடப்போகிறோம், தடை தெரிந்தவர்கள் சொல்லவும், என்று மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் எழுந்திருக்காவிட்டால் ஜெனோவா வீட்டு முன்னறைக்குக் கூட்டிவந்தார்கள். குளித்து, வெள்ளை உடுத்தி, விரல் நகம் வெட்டி வந்தார்கள். பக்கத்து வீட்டு பெர்பெத்து அக்கா தன் மகன் நிக்சனை முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தினாள், புருசனை மட்டும் வேண்டாம் என்றாள்.

"ஏன்க்கா, பாவம்ல" என்றாள் ஜெனோவா.

"போடி. இந்த ஒரு மாசமாத்தான் அந்த ஆளு என்கிட்ட நீங்க வாங்கன்னு பேசுதாரு. தண்ணி வேணும்னா கேட்டு வாங்கிக் குடிக்காரு. அது அப்படியே இருக்கட்டும், நீ கெடுத்துராத."

சிரிப்பும் பேச்சுமாகக் கையெழுத்து நடந்து, உயிர்ப்பு ஞாயிறும் போய், தெக்லம்மாள் திருவிழாவுக்குக் கொடி ஏறுகிற காலம் நெருங்கியபோது ஊருக்குள் வீடுகள் மறுபடி வீடுகள் ஆகியிருந்தன. அப்போதுதான் கமிட்டிக்கு அந்த யோசனை வந்தது. ஊரின் தாய் தகப்பன் உறவெல்லாம் ஓட்டு வீடு ஒன்றில், பால்குடிப் பிள்ளைக்காரி ஒருத்தியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாளைக்குப் புயல் வந்தால்? பிள்ளை தண்ணீரைத் தட்டிவிட்டால்? உபதேசியார் கமிட்டியோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தார்.

"அது இனி உன் கம்பெனிச் சொத்தில்ல மகளே, ஊர்ச் சொத்து. ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தா. தெக்லம்மாள் கழுத்துல கிடக்கட்டும். அவளைவிடப் பத்திரமான இடம் எது?"

"ஐயா, சாவியைக் கைமாத்தக் கூடாது. சாவியிலதான் எல்லாமே இருக்கு."

"தெக்லம்மாளை நம்பலையா நீ?"

ஜெனோவா எட்டாம் வகுப்பிலிருந்து கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். வெள்ளை உடுத்திய பெரியவர்கள் எதிரே நின்று ஒன்றைக் கேட்டால் மறுத்துப் பேசும் சொல் அவள் வாயில் எந்த வகுப்பிலும் ஏறியதில்லை. சரி ஐயா என்றாள். கடவுச்சொல்லும் வேண்டும் என்றாள். "எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற மாதிரி வை, அவசரத்துக்கு மறந்துறக் கூடாது" என்றார்கள். தெக்லம்மாளின் பெயரையே வைத்தாள்.

திருவிழாச் சப்பரத்தில், பூமாலைக்கும் நேர்ச்சைச் சங்கிலிகளுக்கும் மேலே, வெள்ளிக் கூட்டுக்குள் அந்த பென் டிரைவ் தொங்கியது. அந்த வருசம்போல் கூட்டம் சிப்பித்துறை கண்டதில்லை. நேர்ச்சை உப்பும் மிளகும் மழையாக விழுந்தன, பெண்கள் முந்தானையால் அந்தக் கூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து முத்தம் கொடுக்க வைத்தார்கள், வேன் பிடித்து வந்த வெளியூர்க்காரர்களும் முண்டியடித்தார்கள். குருசடிச் சிலுவை மேடை அருகே சப்பரத்தை இறக்கிவைத்துச் சுமந்தவர்கள் மோர் குடித்தார்கள். அந்த இடைவெளியில் கூட்டம் சுற்றி மூடிக்கொண்டது, விலகியபோது வெள்ளிக்கூடு தெக்லம்மாளின் கழுத்தில்தான் இருந்தது, பென் டிரைவும் கூட்டுக்குள்தான் இருந்தது. மற்ற சாவியைத் திருடினால் இருந்த இடம் காலியாக இருக்கும். இந்தச் சாவியைத் திருடுகிறவன் நகல் எடுத்துக்கொண்டு போவான், அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

திருவிழா முடிந்து பந்தல் பிரித்த வாரத்தில் புது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பையும் ஒரு பாட்டில் தண்ணீருமாக பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் நேராக ஒரு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் இருப்பவர்கள், "வாங்க, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்பார்கள். அவர்களைப் பார்த்ததும் உள்ளே ஒன்று, நம்ம ஆள்தான், என்று சொல்லிவிடும். அண்ணன் இருந்த வீட்டுக்கு இன்னொரு அண்ணன் வந்தான். தாய் இருந்த வீட்டுக்கு இன்னொரு தாய் வந்தாள். ஊர் அதையும் வாங்கிக்கொண்டது, கூடுதலாக ஒரு ஆழாக்கு அரிசி போட்டது. புதிதாக வந்தவர்கள் நல்லவர்களாகவும் இருந்தார்கள், வாசல் பெருக்கினார்கள், ஜெபமாலைக்கு முழங்காலில் நின்றார்கள். பிறகு, போகும்போது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பெர்பெத்து அக்காவின் நிக்சனை ஒரு புருசனும் பெண்டாட்டியும் வந்து கூட்டிப்போனார்கள். அக்காவே அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்து, வழியில் தின்ன அவித்த பனங்கிழங்கைக் கட்டிக் கொடுத்து, பஸ் மறையும்வரை கையாட்டிவிட்டு வந்து, கருவாட்டைக் காயப்போட்டாள்.

"யாருக்கா அவங்க?" என்று ஜெனோவா கேட்டாள்.

"அவன் அம்மா அப்பாதான்டி."

"நீங்கதான அவன் அம்மா?"

"ஆமா, நானும்தான்" என்றாள் பெர்பெத்து அக்கா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதைப் போல.

மறுநாள் காலை வில்பிரட் சார் போன் செய்தார். "ஜெனோவா, நம்ம பேர்ல மூணு நாலு ஆப் வெளிய வந்திருக்கு. நம்ம கையெழுத்து. நீ போட்டியா?"

"இல்ல சார்."

"சாவி வெளியே போயிருக்கு" என்றார். "சர்டிபிகேட்டை ரத்து பண்ணு. வேற வழியில்ல. இதுவரைக்கும் நம்ம கையெழுத்துப் போட்டது எல்லாம் செல்லாமப் போகும், போகட்டும். புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்."

போனை வைத்துவிட்டு அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். பை தூக்கிய ஒரு பெண் அவள் வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். பருத்திப் புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை, முகத்தில் களைப்பு. அவள் படி ஏறியதும் ஜெனோவாவுக்குள் ஒன்று, செலின், லிடியாவின் அம்மா, என்று சொன்னது. அது பொய் என்று அவள் புத்திக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்குத் தான் கையெழுத்துப் போடவில்லை என்பதும் தெரியும். ஆனால் புத்தி சொன்னது தூரத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்டது, மற்றது அவள் இரத்தத்தில் ஓடியது. காபி போட்டுக் கொடுத்தாள். பிள்ளையைக் கையில் கொடுத்தாள்.

"இளைச்சிட்டாளே" என்றாள் செலின், பிள்ளையின் கழுத்தை முகர்ந்துகொண்டு.

"பல் முளைக்குது" என்றாள் ஜெனோவா, தப்பு செய்தவளைப் போல.

வேலை முடிந்து வந்த கிளாரன்ஸ், "வா செலின், எப்ப வந்த?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுவிட்டுப் பிள்ளையோடு கிளம்புவதாகச் செலின் சொன்னாள். அந்த வாரம் முழுக்க ஜெனோவாவின் கைகள் லிடியாவின் துணிகளைத் துவைத்தன, வெயிலில் உலர்த்தின, மடித்தன, செலினின் பையில் அடுக்கின. தன் கைகள் செய்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்த அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. சாம்பிராணியும் பேதி மருந்தும்கூட எடுத்து வைத்தாள். பையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இதற்குப் பெயர் பயம், இதுதான் பயம், என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், ஏனென்றால் பயம்கூட இப்போது யோசித்துத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை உபதேசியாரைப் பார்க்க மறைக்கல்விக் கொட்டகைக்குப் போனாள். செலின் வீட்டிலிருந்தாள், பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜெனோவா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"சர்டிபிகேட்டை ரத்து பண்ணிட்டா என்ன ஆகும்?" என்றார் உபதேசியார்.

"நான் கையெழுத்துப் போட்டது, அவங்க போட்டது, எல்லாம் போகும். மறுபடியும் அந்த வியாழக்கிழமை மாதிரி ஆயிரும்."

"புதுச் சாவி செஞ்சு திரும்பப் போட்டுறலாம்லா?"

"போடலாம் ஐயா. ஆனா அது புது உறவு. அதே ஆப்பை வேற சாவியில கையெழுத்துப் போட்டு அனுப்பினா, போன் அதை வேற ஆளாத்தான் பார்க்கும். பழசை அழிச்சாத்தான் புதுசை உள்ள விடும். உள்ள சேர்த்து வச்சதெல்லாம் அதோட போயிரும்."

"அப்ப வேண்டாம்" என்றார் அவர். "கட்டினவளை மறுபடியும் நீங்க யாருன்னு கேக்க என்னால முடியாது. கூடுதலா நாலு பேரு வந்தா என்ன, எல்லாரும் நல்லாத்தான இருக்காவ?"

"ஐயா, மறைக்கல்விக்கு எத்தனை பிள்ளைங்க வருது?"

கோயில் பக்கத்துக் கொட்டகையில் முன் பெஞ்சுகளில் மட்டும் சில பிள்ளைகள் உட்காருவதும், பின் பெஞ்சுகளில் தூசி படிந்திருப்பதும், ஒவ்வொரு ஞாயிறும் வராத பிள்ளைக்குக் காரணம் கேட்டால் அவன் அம்மா கூட்டிப்போய்விட்டதாக அவன் அம்மாவே சொல்வதும், சொல்லிவிட்டுச் சிரிப்பதும், அவர் பார்க்காததல்ல. கட்டுமரம் கவிழ்ந்து தண்ணீருக்குள் போனவர் மேலே எந்தப் பக்கம் என்று தேடுவதைப் போல ஒருமுறை கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். லிடியா எட்டி அவர் ஜெபமாலையைப் பிடித்து இழுத்தாள்.

"நானும் சேர்ந்துதான் அதைச் சப்பரத்துல ஏத்தினேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் செஞ்சிரு."

ஊர் அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டது. பிள்ளைகளின் கையில் பெற்றோர் பெயரை மையால் எழுதிவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள், ஆனால் புது ஆட்களும் மையோடு வந்து பக்கத்திலேயே தங்கள் பெயரை எழுதினார்கள், எது அழிக்கவேண்டிய பெயர் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால் கைவிட்டார்கள். கடைசியில், அடையாளம் அறும் நேரத்தில் அவரவர் யார் பக்கத்தில் இருக்க விரும்புகிறார்களோ அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது, பிறகு அங்கிருந்து தொடங்கிக்கொள்வது என்று முடிவானது. பூசை முடிந்து கோயில் மணலில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு உட்கார்ந்தவர்களைப் போலத் தலைவாரி, பூ வைத்து, கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெர்பெத்து அக்கா கருவாட்டுக் கூடையோடு தனியாக வந்தாள். அவள் புருசன் கொஞ்சம் தள்ளி நின்று, "இங்க உக்காரலாமாங்க?" என்று கேட்டார். "உக்காருங்க" என்றாள். புது ஆட்களும் அவரவர் வீட்டாரோடு உட்கார்ந்தார்கள், யாரும் அவர்களை எழுப்பவில்லை.

ஜெனோவாவின் பாயில் ஒரு பக்கம் கிளாரன்ஸ், மறு பக்கம் செலின். எதிரே இரும்பு நாற்காலியில் லேப்டாப். திரை முதலில் காரணம் கேட்டது, சாவி வெளியே போய்விட்டது என்பதைத் தேர்ந்தாள். பிறகு கடவுச்சொல் கேட்டது. லிடியா மடியில் திமிறிக்கொண்டிருந்தாள்.

"கொடு, நான் வச்சிருக்கேன். நீ ரெண்டு கையாலயும் அடி" என்று செலின் கையை நீட்டினாள்.

ஜெனோவாவின் கைகள் பிள்ளையைத் தூக்கிவிட்டன. செலினிடம் கொடுப்பதில் அவளுக்குள் எந்தத் தடையும் எழவில்லை, பெற்றவளிடம் பிள்ளையைக் கொடுக்க என்ன தடை இருக்கும்? பிள்ளை இருவருக்கும் நடுவில், காலை உதைத்தபடி, காற்றில் நின்றது. இதற்கு நான் கையெழுத்துப் போடவில்லை, இவளுக்கு நான் போடவில்லை, என்று ஜெனோவா அந்தத் தூரத்து ரேடியோவை மறுபடி மறுபடி கேட்டாள். கேட்டுக்கொண்டே பிள்ளையை மடிக்கே திரும்ப இறக்கி, முந்தானையால் தன்னோடு சேர்த்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சைப் பல்லால் இழுத்தாள். செலினின் முகம் சுருங்கியது. அவள் அழுவாள் போலிருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுதான் ஜெனோவாவுக்கு இருந்தது.

"வெயில் ஏறுது மகளே" என்றார் உபதேசியார், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, என்று அடித்தாள். இதைத் திருப்ப முடியாது, உறுதிதானா என்று கேட்டது. அழுத்தினாள்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் மெதுவாகத் தலையைத் தூக்கி எதிரே இருப்பவரைப் பார்த்து, பார்த்தது மரியாதைக் குறைவோ என்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். உபதேசியார் தான் பிடித்திருந்த கையை விட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார். ஜெனோவாவின் பக்கத்தில் இருந்த ஆண், "மன்னிக்கணும், தெரியாம உங்க பாயில உக்காந்துட்டேன்" என்று எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு போனார். ஐஸ் வாடை அடித்தது அவரிடம். பை தூக்கியவர்கள் சிலர் எழுந்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள், பை இல்லாதவர்களும் சிலர் அவர்களோடு நடந்தார்கள்.

அவள் மடியில் ஒரு பிள்ளை முந்தானையால் கட்டப்பட்டிருந்தது. யார் இப்படிக் கட்டியது என்று தெரியவில்லை. தான் ஒரு பெண்குழந்தையைப் பெற்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது, வலி ஞாபகம் இருந்தது, ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை ஞாபகம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கும் இதற்கும் நடுவே எதுவும் இல்லை. பிள்ளை வாயைக் கோணி அழத் தொடங்கியது. முடிச்சு இறுகியிருந்தது, அவிழ்க்க வரவில்லை.

பக்கத்தில் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் பிள்ளையைத்தான் பார்த்தாள்.

"யாரு பிள்ளைங்க இது?"

"தெரியலையே. மடியில இருக்கு."

"உங்க பிள்ளையா இருக்குமோ?"

"அப்படித் தோணலைங்க. உங்களுதா?"

"எனக்கும் தோணல" என்றாள் அந்தப் பெண். தன் பையைத் திறந்து பார்த்தாள். அதில் சின்னச் சின்ன கவுன்கள் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிள்ளையின் மேல் வைத்து அளவு பார்த்தாள். "என் பையில இதுக்கான துணி இருக்கு. அப்ப நான்தான் கூட்டிட்டுப் போகணும் போல."

அது நியாயம்தான் என்று ஜெனோவாவுக்குப் பட்டது. அவளிடம் காட்ட ஒரு துணிகூட இல்லை. பிள்ளையின் அழுகை கூடியபோது அவள் ரவிக்கை நனைந்தது. பசித்த பிள்ளை, யாருடையதானால் என்ன, என்று நினைத்து முந்தானையை இழுத்து மூடி மார்பில் போட்டாள். பிள்ளை உடனே பிடித்துக்கொண்டது, ஒரு கையால் அவள் தாலிச் சங்கிலியைப் பற்றிக்கொண்டது.

"குடிச்சு முடிக்கட்டும், தாறேன்" என்றாள்.

"ஆகட்டும், எனக்கு அவசரமில்ல" என்று அந்தப் பெண் பையை மூடி, பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. இரண்டு பெரியவர்கள் ஒருவரையொருவர் ஊர் விசாரித்துக்கொண்டு போனார்கள். யாரோ பாய்களைச் சுருட்டினார்கள். பிள்ளையின் தாடை அசைவது குறைந்தது, நின்றது, கை தளர்ந்து சங்கிலியை விட்டது. மூச்சு சீராக, சூடாக, அவள் தோலில் பட்டது. அது தூங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. இந்தப் பிள்ளை யாரென்று ஜெனோவாவுக்கு இன்னமும் தெரியவில்லை.

"முடிச்சிட்டாளா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஜெனோவா முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

"இல்லைங்க" என்றாள். "இன்னும் குடிக்குது."